லிக்னோகெயின்: மயக்க மருந்தன்று, மரப்பு மருந்து

பல்லைப் பிடுங்குமுன் ஈற்றிலும், கிழிந்த தோலைத் தைக்குமுன் காயத்தின் ஓரத்திலும் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெயின். இதை லிடோகெயின் என்றும் எழுதுவர். சைலோகெயின் என்பது இதன் வணிகப் பெயர். தமிழில் இதை 'மயக்க மருந்து' என்றும், அதனினும் பிழையாக 'உள்ளூர் மயக்க மருந்து' என்றும் எழுதுவது பரவிவிட்டது. 'லோக்கல் அனஸ்தீசியா' என்ற ஆங்கிலப் பெயரில் 'லோக்கல்' குறிப்பது உடலில் ஓர் இடமே தவிர ஊர் அன்று. மயக்கமும் இம்மருந்தின் வேலை அன்று. 'மயக்க ஊசி' என்று கேட்டவுடன் நினைவு தப்பிவிடுமோ என்று அஞ்சுவோருக்கு இந்தச் சொல்லே முதல் காயத்தைச் செய்துவிடுகிறது.

மூன்று பெயர்களிலும் உள்ள 'கெயின்', கோகெயினிலிருந்து வெட்டி எடுத்த வால். ஆண்டிஸ் மலைப்பகுதியில் வளரும் கோக்கா இலையிலிருந்து பிரித்ததால் அது கோகெயின் ஆயிற்று. அதைக் கண்ணில் சொட்டாக விட்டு வலியின்றி அறுவை செய்யலாம் என்பதை 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற மருத்துவர் காட்டிய பிறகு, அதே பயனுக்காகச் செயற்கையாக உருவாக்கப்பட்ட மருந்துகள் பலவும் அந்த வாலைப் பெற்றன. லிக்னோகெயினைச் சுவீடனில் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943-இல் உருவாக்கினார்; அவருடன் பணியாற்றிய பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1948-இல் அது விற்பனைக்கு வந்தது.

பெயரின் முன்பகுதிதான் சுவையானது. மருந்தின் மூலக்கூறில் சைலிடின் என்ற பகுதி உண்டு. அதன் தாய்ப்பொருளான சைலீன் முதலில் மரத் தாரில் கண்டறியப்பட்டதால், கிரேக்கத்தில் மரத்தைக் குறிக்கும் 'சைலோன்' அதற்குப் பெயராயிற்று. 'லிக்னோ' என்பதோ இலத்தீனில் மரம். தமிழில் கால் உணர்வற்றுப் போனால் 'மரத்துப்போயிற்று' என்கிறோம்; கட்டைபோல் ஆயிற்று என்ற சாயல் அதில் நம் செவிக்குக் கேட்கிறது. இது தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும், வேண்டிய சொல் நம் பேச்சிலேயே காத்திருந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இதை வல்லின றகரமிட்டு 'மறத்துப்போதல்' என்று எழுதினால் பொருள் மறதியின் பக்கம் போய்விடும்.

அனஸ்தீசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கும் உணர்வின்மை என்பதே பொருள். அதில் உறக்கம் இல்லை. முழு நினைவிழப்பை உண்டாக்கும் மருந்துக்கு மயக்க மருந்து என்ற பெயர் பொருந்தும்; லிக்னோகெயின் வகைக்கு 'இட மரப்பு மருந்து' என்பதே தகும். 'உணர்வகற்றி' என்ற ஆக்கமும் பிழையன்று. ஆனால் ஊசி போடுமுன் நோயாளியிடம் சொல்லத்தக்கது 'மரப்பு ஊசி' என்பதுதான்.

மரப்பு எப்படி உண்டாகிறது? வலிச்செய்தி நரம்பிழையில் ஓடுவதற்கு, இழையின் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். லிக்னோகெயின் மின்னேற்றமற்ற வடிவில் சவ்வைக் கடந்து உட்புகுந்து, மின்னேற்றம் பெற்று, அவ்வாயில்களை உட்புறமிருந்தே அடைக்கிறது. சீழ்பிடித்த பல்லைச் சுற்றி அமிலத்தன்மை மிகுந்திருப்பதால் அங்கே உட்புகக்கூடிய வடிவம் குறைந்துவிடுகிறது. அதனால்தான் வீங்கிய ஈற்றில் ஊசி சரியாக 'பிடிப்பதில்லை'. வலியும் சூடு, குளிர்ச்சியும் முன்னே அடங்க, தொடுகையும் அழுத்தமும் பின்னரே அடங்குகின்றன. ஆகவே பல்லை அசைக்கும்போது அழுத்தம் தெரிவது மருந்து வேலை செய்யாததன் அடையாளம் அன்று.

சில நிமிடங்களில் தொடங்கும் இந்த மரப்பு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் நிற்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினைச் சேர்த்தால் இன்னும் நீளும். சிறுநீர்க் குழாய் செருகுமுன் களிம்பாகவும், தொண்டையில் தெளிப்பாகவும், அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்பு வலிக்கு 5% ஒட்டுப்பட்டையாகவும் இது பயன்படுகிறது. இதயக் கீழறைகளின் தாறுமாறான துடிப்பை அடக்க, இதைச் சிரைவழி (இரத்தக் குழாய்க்குள்) செலுத்துவதும் உண்டு. இதயத் தசையிலும் இதே போன்ற சோடியம் வாயில்கள்தாம்.

அளவில் மிகுந்த கவனம் வேண்டும். அட்ரினலின் சேராத ஊசிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் என்பதே வழக்கமான உச்சவரம்பு. 2% கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் இருப்பதால், 50 கிலோ எடையுள்ளவருக்கு 11 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டினாலும் வரம்பு முடிந்துவிடும். விரலில் ஊசி போட்டவருக்கு நாக்கு மரத்து, வாயில் உலோகச் சுவை தோன்றி, காது இரையத் தொடங்கினால், மருந்து தன் இடத்தை விட்டு இரத்தத்தில் மிகுந்துவிட்டது என்று பொருள். உடனே ஊசியை நிறுத்த வேண்டும், ஏனெனில் அடுத்து வரக்கூடியவை வலிப்பும் நினைவிழப்பும். உண்மையான மயக்கம் இம்மருந்தால் வருமானால், அது இப்படி நஞ்சாகும்போதுதான்.