உங்கள் டேட்டாபேஸின் கதவு தெருப்பக்கம் திறந்திருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி நடத்தும் அண்ணன் ஒருவர் காலை ஆறரை மணிக்குப் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒரு கணக்கும் வரல. எல்லாம் காலியா இருக்கு. வாசல்ல ஆறு வண்டி நிக்குது, சீக்கிரம் வா."

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஜூன் என்றால் பெங்களூரா மாங்காய் லோடு லோடாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிற காலம். விலை நாளுக்கு நாள் மாறும். எந்த விவசாயி என்றைக்கு எத்தனை டன் போட்டார், அன்றைய விலை என்ன, முன்பணம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்ற கணக்குதான் மண்டிக்கு உயிர். அந்தக் கணக்கு முழுவதும் மாத வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருந்தது.

உள்ளே போய்ப் பார்த்தேன். விவசாயிகள், எடைச் சீட்டு, பட்டுவாடா என்று இருந்த டேபிள் எதுவும் இல்லை. புதிதாக ஒரே ஒரு டேபிள், அதில் ஒரே ஒரு வரி. "உங்கள் தரவு எங்களிடம் இருக்கிறது, இந்த முகவரிக்கு இவ்வளவு பிட்காயின் அனுப்புங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எப்படி நடந்தது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. அண்ணனின் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அங்கிருந்தே கணக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மென்பொருள் போட்டுக் கொடுத்தவர் டேட்டாபேஸுக்குள் நுழையும் வாசலான 3306 போர்ட்டை ஊர் உலகத்துக்கே திறந்து, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் எங்கிருந்து வேண்டுமானாலும் நுழையலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டார். பாஸ்வேர்ட், கடைப் பெயரோடு 123.

"நம்ம மண்டிய எவன் தேடி வந்திருப்பான் தம்பி?" என்று அண்ணன் கேட்டார். யாரும் அவரைத் தேடி வரவில்லை. இணையத்தில் சர்வர்களுக்குத் தரும் ஐபிவி4 எண் முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான். 2013இல் வெளிவந்த ஸீமேப் என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்பு இருந்தால் அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். இப்படித் தட்டிப் பார்ப்பதையே இரவு பகலாகச் செய்யும் நிரல்கள் இருக்கின்றன. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் அழிக்கப்பட்டன. அடுத்த மாதமே இந்தத் திருடர்கள் மைஎஸ்கியூஎல் பக்கம் வந்தார்கள். பணம் கட்டியும் தரவு திரும்பக் கிடைக்காதவர்கள் உண்டு. பல இடங்களில் தரவை எடுத்து வைக்காமலேயே அழித்திருந்தார்கள். அதனால் பணம் அனுப்ப வேண்டாம் என்று அண்ணனிடம் உறுதியாகச் சொன்னேன்.

பேக்கப் ஒன்று இருந்தது, பிப்ரவரியில் எடுத்தது. சீசன் கணக்கு எதுவும் அதில் இல்லை. எங்களைக் காப்பாற்றியது எடைச் சீட்டின் கார்பன் நகல் புத்தகங்கள். நான்கு இரவு உட்கார்ந்து ஆயிரத்துச் சொச்சம் சீட்டுகளைத் திரும்ப ஏற்றினோம். ஒரு சீட்டு மழையில் நனைந்து, எடை 3-ல் தொடங்குகிறதா 8-ல் தொடங்குகிறதா என்றே தெரியவில்லை. அந்த விவசாயிக்குப் போன் போட்டோம். மறுநாள் காலை நேரில் வந்தவர், ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து தன் பங்குச் சீட்டை எடுத்து நீட்டினார். 3,480 கிலோ. அவர் அதைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால் யாரோ ஒருவருக்கு ஐந்து டன் மாங்காய்ப் பணம் நஷ்டமாகியிருக்கும்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. ஓசூரில் சின்னப் பட்டறைகள், தர்மபுரியில் மருந்துக் கடைகள், டியூஷன் சென்டர்கள் என்று எல்லோரும் இப்போது சொந்தமாகச் சர்வர் எடுக்கிறார்கள். நல்ல விஷயம். மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருட்கள் காசில்லாமல் கிடைக்கின்றன, தரத்திலும் குறைவில்லை. போஸ்ட்கிரெஸ் 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுப் பணியிலிருந்து வளர்ந்தது. மைஎஸ்கியூஎல் 1995இல் வந்தது. அது ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போகப்போகிறது என்றானபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மான்டி விடேனியஸ் 2009இல் மரியாடிபியைப் பிரித்து எடுத்தார். மை, மரியா இரண்டும் அவருடைய மகள்களின் பெயர்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்டால், உங்கள் மென்பொருள் எழுதியவருக்கு எது பழக்கமோ அதை எடுங்கள் என்பேன். ஆபத்து வருவது நிறுவும் விதத்தில்.

இன்ஸ்டால் ஐந்து நிமிட வேலை. அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன்.

டேட்டாபேஸும் வெப்சைட்டும் ஒரே சர்வரில் இருந்தால், டேட்டாபேஸ் வெளியுலகத்தோடு பேச வேண்டிய அவசியமே கிடையாது. கான்ஃபிக் ஃபைலில் பைண்ட் அட்ரஸ் என்ற வரியில் 127.0.0.1 (அந்தச் சர்வருக்குள்ளிருந்து மட்டும்) இருக்க வேண்டும். உபுண்டுவில் மரியாடிபி போட்டால் அப்படித்தான் வரும். நம் ஆட்கள்தான் ஏதோ கனெக்ட் ஆகவில்லை என்று அதை 0.0.0.0 (எங்கிருந்து வேண்டுமானாலும்) ஆக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திருப்ப மறந்துவிடுகிறார்கள். மென்பொருளைத் தனிப் பெட்டி மாதிரி அடைத்து ஓட்டும் டாக்கரில் டேட்டாபேஸை ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேண்டாத போர்ட்களை அடைக்கும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் 3306ஐ மூடியிருந்தாலும், டாக்கரில் அந்தப் போர்ட்டைப் பப்ளிஷ் செய்தால் அது ஃபயர்வால் விதியைத் தாண்டி வெளியே திறந்துவிடும். நல்ல அனுபவசாலிகளே இதில் ஏமாந்து பார்த்திருக்கிறேன். அதனால் "மூடியாச்சு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, வெளியிலிருந்து அந்தப் போர்ட்டை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மைஎஸ்கியூஎல், மரியாடிபிக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் எஸ்எஸ்எச் டனல் என்ற பாதுகாப்பான தனி வழி இருக்கிறது. டேட்டாபேஸைத் திறந்து பார்க்க உதவும் டிபீவர் மாதிரி மென்பொருட்களில் அதற்கு ஒரு தனி டேப்பே உண்டு, சாவி ஃபைலைக் காட்டினால் போதும். அண்ணனின் மகனுக்கு அதை அமைத்துக் கொடுக்கக் கால் மணி நேரம் ஆனது.

அடுத்தது பயனர்கள். மரியாடிபியில் செக்யூர் இன்ஸ்டலேஷன் என்ற ஸ்கிரிப்ட் கூடவே வருகிறது. பெயரில்லாத பயனர்களை நீக்கும், ரூட் வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும், டெஸ்ட் டேட்டாபேஸை அழிக்கும். அதை ஓட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிப் பயனர், அதன் டேட்டாபேஸுக்கு மட்டும் அனுமதி. எடைச் சீட்டு எழுதும் பக்கத்துக்கு டேபிளையே தூக்கி எறியும் அதிகாரம் எதற்கு?

தமிழில் பெயர் பதிபவர்களுக்கு ஒரு வார்த்தை. டேட்டாபேஸ் உருவாக்கும்போதே எழுத்து முறை யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். மைஎஸ்கியூஎல் 5.7 வரை எதுவும் சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1 தான் வரும், அதில் முனுசாமி என்ற பெயர் வெறும் கேள்விக்குறிகளாக விழக்கூடும். கேள்விக்குறியாகப் பதிந்த பெயரை மீட்கவே முடியாது. 8.0 முதல் இந்தத் தொல்லை இல்லை. 5.7க்கு ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், இன்னும் அதில் இருப்பவர்கள் எப்படியும் மாற வேண்டும்.

இனி பேக்கப். "தினமும் ராத்திரி தானா எடுக்குது" என்று சொல்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கடைசியாக எப்போது அதை ரீஸ்டோர் செய்து, அதாவது திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அத்தனை பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இப்படி நடந்தது. நடந்ததை மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டதால் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது, அதற்கு அவர்களை மதிக்கிறேன்.

பேக்கப் ஃபைலை அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள். வெப்சைட் ஃபோல்டருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். தளத்தின் முகவரியோடு பேக்கப் என்ற பெயரைச் சேர்த்து அடித்ததும் ஒரு டியூஷன் சென்டரின் முழு டேட்டாபேஸும் என் லேப்டாப்பில் இறங்கியதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். பிள்ளைகளின் பெயர், அப்பா அம்மா போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தது. அன்று மதியமே அவர்களிடம் சொல்லி நீக்க வைத்தேன்.

மற்றவர்களின் விவரம் உங்கள் கையில் இருக்கும்போது சட்டப் பொறுப்பும் வருகிறது. இப்படித் தாக்குதல் நடந்தது தெரிய வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது.

மண்டியில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். முந்தின இரவு பேக்கப்பை என் பழைய லேப்டாப்பில் ரீஸ்டோர் செய்வேன். அண்ணன் கார்பன் புத்தகத்தைப் புரட்டி, மனதுக்குத் தோன்றிய ஒரு சீட்டு நம்பரைச் சொல்வார். போன தடவை 412 என்றார். தேடினேன். பெங்களூரா, 2,160 கிலோ, போச்சம்பள்ளி. அண்ணன் புத்தகத்தை ஒருமுறை பார்த்தார், திரையை ஒருமுறை பார்த்தார். "சரி, அடுத்த நம்பர் போடு" என்றார்.