கீழாநெல்லிய கவுத்துப் போட்டு ஒரு போட்டோ எடுங்க

காலேஜ்ல தாவரவியல் எடுக்கறது பொழப்பு, ராத்திரி சாப்பிட்டு முடிச்சா ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற செடி, பூச்சி, பறவைப் படங்கள் போடுற தளத்துல நம்ம ஆளுங்க போடுற செடி படங்களுக்கு பேர் சொல்றது ஒரு பழக்கமாவே ஆகிப்போச்சு. மழை சீசன் வந்தா கீழாநெல்லியா வந்து குவியும், ஆனா பாதிக்கு மேல என்னால பேர் சொல்லவே முடியறதில்ல, ஏன்னா எல்லாமே மேல நின்னு எடுத்த படம். பச்சைப்பசேல்னு அழகாதான் இருக்கும், ஆனா இலைக்கு அடியில நெல்லி மாதிரி குட்டிக்குட்டியா காய் தொங்குறதாலதான அதுக்கு அந்தப் பேரே வந்துச்சு, அந்தப் பக்கத்தையே காட்டலன்னா நான் என்னத்த பாக்க?

இதே சாயல்ல வரப்போரம் நாலஞ்சு செடி இருக்கு. கீழாநெல்லி, அதாவது அறிவியல் பேர்ல ஃபில்லாந்தஸ் அமாரஸ்னா பூவுல புல்லி இதழ் 5, டெபிலிஸ்னா 6. யூரினேரியாவுக்கு காய் காம்பே இல்லாத மாதிரி ஒட்டிக்கிட்டு, மேல சொரசொரன்னு இருக்கும். பழைய புத்தகத்துல கீழாநெல்லிக்கு நிரூரின்னு போட்டிருப்பாங்க, அது அமெரிக்கா பக்கத்து செடி, இங்க அந்தப் பேர்ல சொல்றது பெரும்பாலும் அமாரஸ்தான்.

பேர் மாறினா என்னன்னு கேக்கலாம். தென்னிந்தியாவுல நாட்டுமருந்து கடைகள்ல வாங்கின கீழாநெல்லிய டிஎன்ஏ வரைக்கும் பாத்து 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, கிட்டத்தட்ட கால்வாசி கடைகள்ல வேற ஃபில்லாந்தஸ் செடிங்க கலந்திருந்துச்சு. (மஞ்சக்காமாலைன்னா மொதல்ல டாக்டர பாருங்க, கஷாயம் அப்புறம்.)

படத்தோட தேதியும் இடமும் கண்டிப்பா வேணும். வாட்ஸ்அப்ல வந்தத தூக்கிப் போடாதீங்க, அதுல இடம் அழிஞ்சு போயிருக்கும், போக நீங்க பாத்ததும் இல்ல. தொட்டிச்செடின்னா வளர்த்ததுன்னு குறிச்சிடுங்க. பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனாதான் அது ஆய்வுத் தரத்துக்கு ஏறும், அதுல லைசென்ஸ் திறந்து வச்ச பதிவெல்லாம் ஜிபிஐஎஃப்ங்கிற உலகத் தரவுக்கிடங்குக்குப் போகும், அதனால நான் சொல்லிட்டேன்னு கண்ண மூடிட்டு 'ஆமா' அமுக்காதீங்க, நானும் தப்பு பண்ணிருக்கேன்.

போன வாரம் ஒருத்தர் ஒரு கிளைய வெள்ளை துண்டு மேல கவுத்துப் போட்டு, பக்கத்துல ஒரு ரூவா காசு வச்சு எடுத்திருந்தாரு. கீழாநெல்லின்னு போட்டிருந்தாரு, காய்ல சொரசொரப்பு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. யூரினேரியா. ரெண்டு நிமிஷ வேலை.