கரி விழுந்த சோளக் கதிருக்கு மருந்து கேக்காதீங்க

இந்த வாரமும் வாட்ஸ்அப்புல அதே போட்டோதான். சோளக் கதிர்ல மணி இருக்க வேண்டிய இடத்துல சாம்பல் நிறத்துல குண்டு குண்டா பை, கீழ "சார் என்ன மருந்து அடிக்கலாம்"னு கேள்வி. பாதிப் பேரு கடையில குடுத்ததை ரெண்டு தடவை அடிச்சு முடிச்சுட்டுதான் கேக்கவே வர்றாங்க.

ஒரு மருந்தும் கிடையாதுங்க. "பனி விழுந்துச்சு அதான் கரி வந்துச்சு"ன்னு தயவு செஞ்சு இனிமே யாரும் சொல்லாதீங்க. இந்தக் கரிக்குப் பேரு தானியக் கரிப்பூட்டை, பூஞ்சையால வர்றது, கதிர் வந்தப்புறம் வர்ற நோயே இல்ல. போன வருஷ விதை மேல ஒட்டியிருந்த பூஞ்சை வித்து, விதைச்ச ஈரத்துல விதை கூடவே முளைச்சு, முளை மண்ணுக்கு வெளிய தலை காட்டுறதுக்குள்ள உள்ள பூந்துடுது. அப்புறம் ரெண்டு மாசத்துக்கு மேல குருத்தோடயே வளரும், இலையில ஒரு புள்ளி காட்டாது, பயிர் பச்சைப்பசேல்னு நிக்கும், நீங்களும் யூரியா போட்டுட்டு நிம்மதியா இருப்பீங்க. பூக்குற நேரத்துல சூலகத்தைத் தின்னுட்டு மணிக்குப் பதிலா தன்னோட வித்துப் பையை உக்கார வச்சிடும். ஒண்ணை நசுக்கிப் பாருங்க, கருப்புப் பொடி கையில ஒட்டும், நடுவுல ஈர்க்கு மாதிரி ஒரு தண்டு நிக்கும்.

அந்தப் பை பெரும்பாலும் உடையுறது களத்துல. நல்ல கதிரோட சேத்துப் போட்டு அடிக்கும்போது பொடி எல்லா மணியிலயும் பூசிக்குது, அதுலயே அடுத்த வருஷ விதையையும் எடுத்து வைக்கிறீங்க! மணி மேல ஒட்டுன பூஞ்சை வித்து கண்ணுக்குத் தெரியாது, அதனால "வீட்டு விதை சார், சுத்தமா இருக்கு"ங்கிற பேச்சு வேணாம்.

கம்புக் கரிப்பூட்டை வேற கதை, அது பூக்கும்போது காத்துல வந்து ஒவ்வொரு பூவா நுழையும். சோளத்துலயே கதிர் மொத்தமும் கரியாகி நார் நாரா தொங்குச்சுன்னா அது தலைக் கரிப்பூட்டை, மண்ணுலேருந்து வர்றது, பயிரை மாத்தித்தான் ஆகணும். எங்க ஆளுங்களே இதுல குழம்புறாங்க, அதனால ஒரு மணியை மட்டும் ஜூம் பண்ணாம முழுக் கதிரையும் போட்டோ எடுங்க.

இப்பவே கரிக் கதிரைத் துணிப்பையால மூடி அப்படியே அறுத்துக் கொதிக்கிற தண்ணியில முக்குங்க, வரப்புல வீசாதீங்க. விதைக்கு நோய் இல்லாத காட்டுலேருந்து எடுங்க. விதைக்கும்போது கிலோவுக்கு 4 கிராம் கந்தகத் தூள் போட்டு நல்லா குலுக்குங்க, மிஞ்சின விதையை சமைக்கவோ மாட்டுக்கோ எடுத்துடாதீங்க. நீங்க அடிச்ச ரெண்டு டேங்க் மருந்து காசுல பாதி கூட ஆகாது இது. புரட்டாசி விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கு, கந்தகத்தை முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க அண்ணாச்சி, கெஞ்சிக் கேக்குறேன்.