பூட்டிய அறையா, தாழிட்ட அறையா?

ஆங்கிலத்தில் 'லாக்ட் ரூம் மிஸ்டரி' என்று ஒரு வகைக் கதை உண்டு. அறைக்குள் ஒருவர் கொலையுண்டு கிடப்பார். கதவு உள்பக்கமாக அடைத்திருக்கும், ஜன்னல்களும் அப்படியே. கதவை உடைத்துக்கொண்டு போனால் பிணம் இருக்கும், கொன்றவன் இருக்க மாட்டான். எப்படி வெளியேறினான்? கதையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தமிழில் இதைப் பெரும்பாலும் 'பூட்டிய அறை மர்மம்' என்று எழுதுகிறார்கள். படித்தால் புரிந்துவிடுகிறது, சரி. ஆனால் அந்த மூன்று சொற்களில் 'அறை' ஒன்றுதான் தன் வேலையை முழுதாகச் செய்கிறது. மற்ற இரண்டையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் பூட்டு. ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது, வில்லில் நாண் பூட்டுவது எல்லாம் பிணைப்பதைக் குறிக்கும். கதவைப் பூட்டுவதும் இதே வினைதான். ஆனால் இன்றைய வழக்கில் 'வீட்டைப் பூட்டினார்' என்று கேட்டதும் நம் மனதில் அவர் வெளியே நிற்கிறார், சாவி அவர் கையில் இருக்கிறது. உள்ளே இருப்பவர் செய்கிற காரியத்துக்கு வேறு சொல் இருக்கிறது: தாழிடுவது, தாழ்ப்பாள் போடுவது. 'அறை பூட்டியிருந்தது' என்றால் எந்தப் புதிரும் இல்லை. கொன்றுவிட்டு வெளியே வந்து பூட்டிக்கொண்டு போயிருப்பான். 'உள்ளே தாழிட்டிருந்தது' என்றால்தான் நெற்றி சுருங்குகிறது.

தாழ் என்பது உள்ளிருப்பவரின் கருவி என்பதற்குப் பழைய பாட்டே சாட்சி. 'மணிக்கதவம் தாள் திறவாய்' என்று ஆண்டாள் பாட்டில் பெண்கள் வாயில்காப்போனிடம் கேட்கிறார்கள். தாள், தாழ் இரண்டும் ஒன்றுதான். கேட்பவர்கள் வெளியே, தாழ் உள்ளே. திருக்குறளில் இன்னும் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது: 'காமக் கணிச்சி உடைக்கும் நிறையென்னும் நாணுத்தாழ் வீழ்த்த கதவு.' கணிச்சி என்றால் கோடரி. மன உறுதி என்ற கதவுக்கு நாணம் என்ற தாழைப் போட்டு வைத்திருக்கிறேன், காமம் அதைக் கோடரியால் உடைக்கிறது என்கிறாள் தலைவி. உள்ளே தாழ் விழுந்த கதவு, வெளியே கோடரி. இந்த வகைக் கதைகளில் வழக்கமாக வரும் காட்சி வள்ளுவரிடம் வேறு வேலையாக வந்து நிற்கிறது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலேய வீட்டுக் கதவுகளில் உள்ளே நின்று சாவியால் பூட்டுவதும் உண்டு. அப்போது சாவி உள்பக்கத் துவாரத்திலேயே நிற்கும். மெல்லிய குறடால் வெளியிலிருந்து அந்தச் சாவியின் நுனியைப் பிடித்துத் திருப்புவது கதாசிரியர்களின் பழைய தந்திரங்களில் ஒன்று. அந்தக் கதைகளுக்குப் பூட்டு என்ற சொல்லும் வேண்டும். ஆனால் வகைக்குப் பெயர் வைக்கும்போது முடிச்சு எங்கே இருக்கிறதோ அந்தச் சொல்தான் முன்னே வர வேண்டும். என் ஓட்டு 'தாழிட்ட அறை'க்கே.

பிற மொழிகள் என்ன செய்தன? பிரெஞ்சில் 'ஷாம்ப்ர் க்ளோஸ்', அதாவது மூடிய அறை. ஜப்பானியத்தில் 'மிஷ்ஷிட்சு', முதல் எழுத்துக்கு நெருக்கம், இரகசியம் என்று இரண்டு பொருளும் உண்டு. ஆங்கிலத்திலேயே 'ஹெர்மெட்டிக்கலி சீல்ட் சேம்பர்' என்று நீட்டி முழக்குவதும் உண்டு. ரசவாதத்தின் மூதாதை என்று நம்பப்பட்ட ஹெர்மெஸ் பெயரைச் சொல்லி ரசவாதிகள் குடுவையின் வாயைக் காற்றுப் புகாமல் அடைத்த வித்தையிலிருந்து வந்த சொல் அது. இவை எல்லாமே அறை எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்பதைத்தான் சொல்கின்றன. எந்தப் பக்கமிருந்து மூடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல நமக்கு ஒரு சொல் கையிலேயே இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

அடுத்து மர்மம். வடமொழியில் மர்மம் என்பது உடம்பில் அடிபட்டால் உயிர் போகிற இடம். வர்மக்கலையில் வரும் வர்மமும் அதுதான். உள்ளே மறைந்திருப்பது என்ற பொருளில் நகர்ந்து நகர்ந்து இரகசியம் என்று ஆகிவிட்டது. இன்று 'மர்ம மாளிகை' என்று சொன்னால் வாசகர் பேயை எதிர்பார்க்கிறார். இந்த வகைக் கதை அதற்கு நேர் எதிரி. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதுகிறவர், பத்துக் கட்டளைகள் எழுதினார். பேய், பிசாசு, தெய்வ சக்தி எதுவும் விடையாக வரக் கூடாது என்பது அதில் ஒன்று. இரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. (ஒன்றை ஏன் அனுமதித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.) வாசகருக்கும் துப்பறிபவருக்கும் ஒரே தடயங்கள், ஒரே வாய்ப்பு என்பதுதான் ஒப்பந்தம். அப்படியானால் அது புதிர். மர்மத்தைக் கண்டு மலைக்கலாம். புதிர் என்றால் அவிழ்க்க உட்கார வேண்டும். 'தாழிட்ட அறைப் புதிர்' என்பதே சரியான பெயர்.

இந்தப் புதிரின் வேர் ரொம்பப் பழையது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஓர் எகிப்தியக் கதை சொல்கிறார். அரசனின் கருவூலத்தில் முத்திரை கலையாமலே செல்வம் குறைந்துகொண்டே போகிறது. கட்டிய ஆள் சுவரில் ஒரு கல்லை மட்டும் உருவி எடுக்கும்படி விட்டிருந்தான். விவிலியத்தில் வரும் தானியேல் கதையின் பிற்சேர்க்கை ஒன்றில், பூட்டி முத்திரையிட்ட கோயிலுக்குள் வைத்த படையலை இரவோடு இரவாகச் சிலையே உண்டுவிடுவதாகப் பூசாரிகள் சொல்வார்கள். தானியேல் கதவை மூடும் முன் தரையெங்கும் சாம்பல் தூவச் செய்கிறார். காலையில் பார்த்தால் ஆண், பெண், குழந்தைகளின் காலடிகள் மேசைக்கு அடியில் இருந்த இரகசியக் கதவுக்குப் போகின்றன. தடயத்தை வைத்து அறையைத் திறக்கும் கதை அப்போதே வந்துவிட்டது. கொலைதான் பாக்கி.

அது 1841இல் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ எழுதிய, பாரிஸில் நடக்கும் கதையில் கதவு உள்ளே பூட்டியிருக்கிறது, சாவியும் உள்ளேயே. ஜன்னல் சட்டங்களில் ஆணி அறைந்திருக்கிறது. எல்லாரும் ஆணியைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். துப்பறிபவர் மட்டும் அதைத் தொட்டுப் பார்க்கிறார். தலை கையோடு வந்துவிடுகிறது; மீதி எப்போதோ சட்டத்துக்குள் முறிந்து கிடந்திருக்கிறது. பார்வைக்கு முழு ஆணி, உண்மையில் இரண்டு துண்டு. இந்த வகையின் கலை அந்த ஆணிக்குள் அடங்கிவிட்டது என்பேன்.

அப்புறம் 1935இல் துப்பறியும் நாவலாசிரியர் ஜான் டிக்சன் கார் ஒரு நாவலில் கதையை நிறுத்திவிட்டு, பதினேழாம் அத்தியாயம் முழுக்கத் தன் துப்பறிவாளரை இந்த வகையைப் பற்றிச் சொற்பொழிவாற்ற விட்டார். ஆள் உள்ளே இல்லாமலே கொல்லும் வழிகள் ஒரு பக்கம். ஆள் வெளியே வந்தபின் கதவை உள்ளே அடைத்தது போல் காட்டும் வழிகள் மறுபக்கம். ஊசியும் நூலும் வைத்துத் தாழை இழுப்பது, கீலைக் கழற்றிக் கதவைப் பின்பக்கமாகத் திறப்பது என்று பட்டியல் போகும். எனக்குப் பிடித்தது பனிக்கட்டி. மேலிருந்து விழும் தாழ்க்கட்டையை ஒரு பனிக்கட்டித் துண்டின் மேல் தாங்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறான். பனி உருகுகிறது, தாழ் தானே விழுகிறது. இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பவர்களுக்கு எளிய வழியும் உண்டு: வெளியே பூட்டிவிட்டுச் சாவியைப் பையில் வைத்திரு, எல்லாரோடும் சேர்ந்து கதவை உடை, அமளியில் சாவியை உள்ளே போட்டுவிட்டு 'இதோ இருக்கிறது' என்று கத்து.

ஓர் இடைக்குறிப்பு. சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்கள். ஜன்னலுக்குப் பழைய தமிழில் சாளரம் உண்டு, காலதர் என்றும் உண்டு. சிலப்பதிகாரம் 'மான்கட் காலதர் மாளிகை' என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 1892இல் வந்த ஷெர்லக் ஹோம்ஸ் கதை ஒன்றில், அடைத்த படுக்கையறைக்குள் சாவு நுழைவது ஜன்னல் வழியே அல்ல, சுவரில் உள்ள காற்றுத் துளை வழியே. அந்தத் துளைக்குக் காலதரைவிட நல்ல சொல் கிடைக்காது.

இனி இந்தக் கதைகள் அடிக்கடி நடக்கும் இடமான மாளிகை. 'கன்ட்ரி ஹவுஸ்' என்பதைப் 'பண்ணை வீடு' என்றோ 'கிராமத்து வீடு' என்றோ பெயர்த்தால் கதையே சுருங்கிப் போகும். அது பரந்த நிலத்துக்கு நடுவே, அந்த நிலத்தின் வருமானத்தில் நிற்கிற பெரிய குடும்பத்தின் இருப்பிடம். அந்தக் குடும்பங்கள் பலவற்றுக்கு லண்டனில் தனியாக ஒரு வீடு இருந்தது. 'ஜமீன் மாளிகை' என்றால் நம் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும், ஆனால் இங்கிலாந்துக்கு ஜமீன் என்ற சொல் ஒட்டாது. 'நாட்டுப்புற மாளிகை' போதும். நாட்டுப்புறம் இடத்தைச் சொல்கிறது, மாளிகை அளவைச் சொல்கிறது.

இந்த மாளிகைக்கும் கொலைக்கும் முடிச்சு விழுந்ததில் ஓர் உண்மைச் சம்பவத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1860இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில், இரவு எல்லாக் கதவுகளையும் அடைத்த பிறகு, நான்கு வயது நிரம்பாத சேவில் கென்ட் என்ற சிறுவன் கொல்லப்பட்டான். காலையில் வரவேற்பறை ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. ஆனாலும் செய்தது வீட்டுக்குள் இருந்தவரே என்று லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜாக் விச்சர் கருதினார். பதினாறு வயது அக்காள் கான்ஸ்டன்ஸைச் சந்தேகித்தார், நிரூபிக்க முடியவில்லை, விச்சரின் பெயர்தான் கெட்டது. 1865இல் கான்ஸ்டன்ஸே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மரியாதைப்பட்ட குடும்பம், அடைத்த வீடு, உள்ளே இருக்கிற குற்றவாளி: நாவலாசிரியர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

1907இல் பிரெஞ்சு எழுத்தாளர் கஸ்தோன் லெரூ தன் தொடர்கதையின் அறையைப் பிரெஞ்சு மாளிகை ஒன்றின் வளாகத்தில் வைத்தார். 1920இல் அகதா கிறிஸ்டியின் முதல் நாவலில் எசெக்ஸ் நாட்டுப்புற மாளிகையில், அடைத்த படுக்கையறை ஒன்றில் சாவு வந்தது. 1946இல் ஜப்பானிய எழுத்தாளர் செய்ஷி யோகோமிசோ இதையே தன் நாட்டின் ஒகயாமா கிராமத்துப் பழங்குடும்ப வீட்டுக்குக் கொண்டுபோனார். வேடிக்கை என்னவென்றால், ஆங்கில மாளிகைக் கதைகள் கொடிகட்டிப் பறந்த இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், அசல் மாளிகைகள் விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன. விளைபொருள் விலை வீழ்ச்சியும், 1894இல் வந்த மரணச் சொத்து வரியும் குடும்பங்களை ஆட்டிவைத்துவிட்டன.

இங்கே பலர் குழப்பிக்கொள்கிற ஒன்று உண்டு. மாளிகையில் பத்துப் பேர் மாட்டிக்கொண்டு, வெளியே பனி கொட்டி, அவர்களில் ஒருவர்தான் கொலையாளி என்றால் அது தாழிட்ட அறைப் புதிர் ஆகாது. அதற்கு 'க்ளோஸ்ட் சர்க்கிள்' என்று பெயர். 'மூடிய வட்டம்' என்று சொல்லலாம். வட்டத்தின் கேள்வி யார் என்பது. அறையின் கேள்வி எப்படி என்பது. 1949இல் விற்பனைக்கு வந்த க்ளூடோ என்ற பலகை விளையாட்டில் மாளிகை இருக்கிறது, ஆறு பேர், ஆறு ஆயுதம், ஒன்பது அறை இருக்கின்றன. யார், எதனால், எங்கே என்று மூன்றும் கேட்கலாம். கொலையாளி எப்படி வெளியே போனான் என்று யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கதவெல்லாம் திறந்தே கிடக்கிறது. நல்ல ஆசிரியர்கள் வட்டத்துக்குள் அறையை வைத்து இரண்டு கேள்வியையும் ஒன்றாகக் கேட்பார்கள்.

புதுப் பனியில் ஒருவர் குத்துப்பட்டுக் கிடக்கிறார், சுற்றிலும் அவர் காலடிகள் மட்டும்தான் என்று வரும் கதைகளையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பது வழக்கம். இரண்டுக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் 'இம்பாசிபிள் க்ரைம்' என்பார்கள். 'நடக்க முடியாத குற்றம்' என்று எழுதினால் போதும். அங்கே தாழ் என்ற சொல்லைத் திணிக்க வேண்டாம், தாழ் போட ஒரு கதவுகூடக் கிடையாது.