ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவ்

மார்ச் கடைசி வந்தால் எங்கள் கல்லூரி லேபில் வைரஸ் சீசன் ஆரம்பம். இறுதியாண்டுப் பிள்ளைகள் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவார்கள், நாளெல்லாம் ஊரில் இருக்கிற பென் டிரைவையெல்லாம் விழுங்கித் துப்பும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதைச் செருகுவார்கள், பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டோடு அந்த இலவச இணைப்பையும் வாங்கிக்கொண்டு நேராக லேபுக்கு வருவார்கள். இத்தனை வருஷ சிஸ்டம் அட்மின் வேலையில், எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கர் எங்களைக் குறிவைத்துத் தாக்கி நான் பார்த்ததில்லை. வந்ததெல்லாம் நாமே கதவைத் திறந்து உள்ளே விட்டவைதான்.

பென் டிரைவைத் திறந்தால் உங்கள் ஃபோல்டர்கள் இருக்காது, ஃபோல்டர் மாதிரியே ஒரு ஐகான் இருக்கும். இடது கீழ் மூலையைப் பாருங்கள், குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறி. அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். அதை க்ளிக் செய்தால் வைரஸ் முதலில் ஓடும், அடுத்த நொடி நிஜ ஃபோல்டரையும் அதுவே திறந்து காட்டிவிடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஃபைல் எல்லாம் போச்சு என்று பதறி உடனே ஃபார்மட் அடித்துவிட்டு அழுகிற பிள்ளைகளை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை, சிஸ்டம் ஃபைல் என்று முத்திரை குத்தி மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எங்களிடம் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்துவிட்டு ‘அட்ரிப்’ கட்டளையால் மறைப்பை எடுத்தால் பெரும்பாலும் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். அப்புறம், பிரிண்ட் கடைக்கென்றே தனியாக ஒரு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள், அதில் அந்த ஒரு பிடிஎஃப் தவிர வேறெதுவும் இருக்க வேண்டாம்.

லேப் மெஷின்களில் டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறோம், ரீஸ்டார்ட் செய்தால் சி டிரைவ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் பிள்ளைகள் சேமித்து வைக்க டி டிரைவைத் திறந்துதான் விட வேண்டியிருக்கிறது, வைரஸுக்கும் அங்கேதான் குடித்தனம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்கு உண்மையில் பயம் கிராக் மேல்தான், அதாவது காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்து ஓசியில் தருகிற சமாச்சாரம். டவுன்லோட் செய்த ஜிப்பில் ஒரு குறிப்பு இருக்கும், ‘நிறுவும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்’ என்று. வீட்டுக்கு வருகிறவன் முதலில் நாயைக் கட்டச் சொன்னால் நமக்கு உறைக்கும், கம்ப்யூட்டரில் மட்டும் உறைப்பதில்லை. ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ் வகை, பரவியதே பெரும்பாலும் இந்த வழியில்தான். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக ஒரு வால், எல்லா ஃபோல்டரிலும் ஒரு ‘ரீட்மீ’ கடிதம், மீட்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி விலை. தள்ளுபடி வேறு!

எங்கள் துறை மேடம் ஒருவருக்கு இதுதான் நடந்தது. ஏதோ ஒரு பிடிஎஃப் எடிட்டருக்கு கிராக். பேக்கப் எடுக்காதவரும் இல்லை, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தார், ஆனால் இரண்டு வருஷமாக அதை மெஷினிலிருந்து கழற்றியதே இல்லை. ஆராய்ச்சி டேட்டாவும் போய் அதன் பேக்கப்பும் ஒரே மத்தியானத்தில் போனது. “ஆன்டிவைரஸ் இருந்துச்சே சார்” என்றார். இருந்தது, அவர்தான் ஆஃப் செய்திருந்தார். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்படி ஆகிவிட்டால் முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பணம் கட்டாதீர்கள். அந்தக் கடிதத்தையும் பூட்டப்பட்ட இரண்டு மூன்று ஃபைல்களையும் எடுத்து வையுங்கள், சில வகைகளுக்கு இலவசமாகவே சாவி கிடைக்கிறது. பணம் ஏதும் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே கூப்பிடுங்கள். கிராக்கோடு பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரலும் பல நேரம் சேர்ந்தே வரும் என்பதால், வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள்.

“எனக்கு மட்டும் அட்மின் பாஸ்வேர்டு கொடுங்களேன்” என்று கேட்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்மின் கணக்கில் உட்கார்ந்து நீங்கள் திறக்கிற நிரல் நல்லதோ கெட்டதோ, உங்கள் அதிகாரம் முழுவதும் அதற்கும் போகும். கோபித்துக்கொண்டாலும் சரி, கொடுக்க மாட்டேன்.

அப்டேட் விஷயமும் இருக்கிறது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்க மருத்துவமனைகளைக்கூட முடக்கியபோது, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இப்போது விண்டோஸ் 10க்கு இப்படிப் பேட்ச் தருகிற வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, எங்கள் இரண்டாவது லேபில் பாதி மெஷின்கள் விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாதவை. புது மெஷின் கேட்டு எழுதிய கடிதம் பிரின்சிபால் மேஜையில் இருக்கிறது. அது நகரும்வரை அந்த மெஷின்களுக்கு இன்டர்நெட் கிடையாது, பிள்ளைகள் திட்டிக்கொண்டே சி புரோகிராம் போடுகிறார்கள்.