ஜேகுவெரி 4: பெயரை மாற்றினால் மட்டும் போதாது

இந்த மாதத்தில் இதே மாதிரிக் கோளாறு வருவது இது மூன்றாவது முறை. முகவரி திருத்தும் படிவம். சிலருக்கு மட்டும் ‘சேமி’ பொத்தான் வேலை செய்யவில்லை என்று அழைத்தார்கள். உலாவியின் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தால் சிவப்பில் ஒரே வரி: நல் (null, ‘மதிப்பே இல்லை’ என்பதன் குறி) மதிப்பில் டிரிம் (trim, உரையின் இரு முனை இடைவெளிகளை வெட்டும் செயல்கூறு) இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பான ஜேகுவெரியை (jQuery) 4ஆம் பதிப்புக்கு உயர்த்தியவர், பழைய டிரிம் அழைப்புகள் அத்தனையையும் ஒரே தேடலில் ஜாவாஸ்கிரிப்டின் சொந்த டிரிம்முக்கு மாற்றியிருந்தார்.

டிரிம், இஸ்அரே (பட்டியலா என்று பார்ப்பது), பார்ஸ்ஜேசன் (ஜேசன் உரையைத் தரவாக்குவது), இஸ்நியூமெரிக் (எண்ணாகக் கொள்ளத்தக்கதா என்று பார்ப்பது) போன்ற துணைச் செயல்கூறுகளை 4ஆம் பதிப்பில் நீக்கியது சரிதான். ஒரு காலத்தில் அவை தேவைப்பட்டன. 2009இலேயே டிரிம்மும் இஸ்அரேயும் மொழிக்குள் வந்துவிட்டன.

ஆனால் “பெயர் ஒன்றுதானே, வேலையும் ஒன்றுதான்” என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் என்னைச் சோதிக்கிறது. ஒன்றல்ல. ஜேகுவெரியின் டிரிம்மிடம் நல் கொடுத்தால் வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரையை) திருப்பித் தரும். எண்ணைக் கொடுத்தால் சரமாக்கித் தரும். மொழியின் டிரிம் சரத்தில் மட்டும்தான் இருக்கிறது. நல்லிலும் இல்லை, எண்ணிலும் இல்லை. இரண்டாம் முகவரி வரி இல்லாத பதிவுகளுக்கு சர்வர் நல் அனுப்பியது. அந்தப் பயனர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிச் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது.

இஸ்நியூமெரிக் இன்னும் மோசம். அதற்குப் பதில் மதிப்பின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் (typeof) போட்டு ‘நம்பர்’ தானா என்று பார்க்கிறார்கள். உள்ளீட்டுக் கட்டத்தில் தட்டிய ‘10’ சரமாகத்தான் வரும். பிழைச் செய்தியே வராது. சரியான தொகையையும் படிவம் ஏற்க மறுக்கும், அவ்வளவுதான்.

பதிப்பை உயர்த்தும் முன், பழைய 3ஆம் பதிப்போடு, நீக்கப்படும் செயல்கூறுகளைப் பற்றி எச்சரிக்கும் ஜேகுவெரி மைக்ரேட் 3ஐச் சேருங்கள். சுருக்கப்படாத கோப்பையே சேருங்கள். சுருக்கிய கோப்பு எச்சரிக்காது. எல்லாப் பக்கங்களையும் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதாத பழைய செருகுநிரல்களும் அப்போதுதான் அகப்படும். ஒவ்வோர் இடத்திலும் என்ன மதிப்பு வருகிறது என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். நல் வரக்கூடிய இடத்தில் இரட்டைக் கேள்விக்குறியால் (??) வெற்றுச் சரம் கொடுங்கள். இரட்டைச் செங்குத்துக்கோடு (||) வேண்டாம், அது பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். எண்ணும் வரக்கூடும் என்றால் முதலில் சரமாக்குங்கள்.

தயவுசெய்து, எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றும் அந்தப் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். ஐம்பது இடம் என்றால் ஐம்பதையும் திறந்து பாருங்கள்.