கப்பல் பால்கனியில் ஏன் ஈரத் துண்டைக் காயப்போடக் கூடாது?

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022ல் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியபின், பஸ், ரயில், விமானத்தைத் தவிர வேறெதிலும் ஊர் தாண்டாத குடும்பங்களும் கப்பலேறத் தொடங்கின. ஏறும் இடத்திலேயே பெட்டியைச் சோதித்து இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், ஊதுபத்தி, கற்பூரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதைப் பலரும் புரிந்துகொள்கிறார்கள். புரியாமல் போவது பால்கனி விதிகள்தான். புகைபிடிக்கக் கூடாது, சரி. நீச்சல் குளத்தில் நனைந்த துண்டைக் கைப்பிடிக் கம்பியில் போடக் கூடாதாம், நாற்காலியில் துணியை விட்டுவிட்டு வரக் கூடாதாம். சுற்றிலும் கடல், மேலே வானம், கையிலிருப்பதோ ஈரத்துணி. இதில் தீ எங்கிருந்து வரும்?

இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை கப்பல் கட்டுபவர்களும் விதி எழுதுபவர்களும்கூட ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். பால்கனி திறந்தவெளி, புகை கலைந்துவிடும், தீ பிடித்தாலும் அங்கேயே அடங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு 2006 மார்ச் 23 அதிகாலையில் பொய்த்தது.

கரீபியன் கடலில், கிராண்ட் கேமனிலிருந்து ஜமைக்காவின் மான்டிகோ பேயை நோக்கி ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பல் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் 2,690 பேர், ஊழியர்கள் 1,123 பேர். 3 மணி 9 நிமிடத்துக்குத் தீ தெரியவந்தது. 10ஆம் தளத்தில் இடப்பக்கமிருந்த ஒரு பால்கனியில் தொடங்கிய தீ அது. யாரோ எறிந்த சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்றும், அது சுமார் 20 நிமிடம் புகைந்துகொண்டே இருந்த பிறகுதான் சுடர் எழுந்தது என்றும் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு தன் அறிக்கையில் சொன்னது. சுடர் எழுந்ததும் 6 நிமிடத்தில் 11, 12ஆம் தளங்களுக்கும், தீ பரவாமலிருக்கக் கப்பலைச் சுவர்களால் பிரித்த பகுதிகளில், அதாவது தீத்தடுப்பு மண்டலங்களில், பக்கத்திலிருந்த இரண்டின் பால்கனிகளுக்கும் தீ தாவிவிட்டது. ஒரு பயணி புகையை சுவாசித்து இறந்தார். 79 கேபின்கள் முற்றிலும் பாழாயின. மேலும் 218 கேபின்கள் தீயாலும் புகையாலும் தண்ணீராலும் சேதமடைந்தன.

20 நிமிடம் தூங்கிய தீ எப்படி 6 நிமிடத்தில் மூன்று தளங்களைப் பிடித்தது?

நீறுபூத்த நெருப்பு என்கிறோமே, அறிவியலில் அது தனி வகை எரிதல். சுடரோடு எரியும்போது, பொருள் சூடாகி வெளிவிடும் ஆவிதான் காற்றில் கலந்து எரிகிறது. புகையும்போது பொருளின் மேற்பரப்பே, அதாவது கரியே, ஆக்ஸிஜனோடு நேரடியாகச் சேர்ந்து கனல்கிறது. பருத்தி இதற்கு ஏற்ற பொருள். பூத்துவாலையின் நூல் வளையங்களுக்கு இடையே காற்று நிறைய இருக்கிறது, எரிந்தால் கரியாக நிற்கிறது, உருகி ஓடுவதில்லை. யாரும் இழுக்காமல் கிடக்கும் சிகரெட்டின் கங்கே 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அது துண்டின் மேல்பரப்பில் விழுந்தால் பெரும்பாலும் ஒரு பழுப்பு வட்டத்தோடு அணைந்துவிடும். மடிப்புக்குள் விழுந்தால் கதை வேறு. இரு பக்கமும் துணி மூடியிருப்பதால் சூடு வெளியேறாது. மெல்லிய கருப்பு விளிம்பு ஒன்று, அதற்குப் பின்னால் மங்கலான சிவப்புக் கோடு, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் உள்ளுக்குள்ளேயே நகரும். வெளியிலிருந்து பார்த்தால் லேசான புகை மட்டும்தான். இரவில் அதுவும் தெரியாது.

துண்டு ஈரமாயிற்றே என்று கேட்கலாம். கப்பல் 20 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 37 கிலோமீட்டர். கடற்காற்று எதிர்த்து வீசினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காற்றில் துண்டு சீக்கிரமே காய்ந்துவிடும். காய்ந்த துண்டு காற்றில் பறந்து கீழ்த்தளத்துப் பால்கனிக்குள்ளும் போய் விழும். ஈரத் துணியையும் சேர்த்துத் தடுப்பதற்கு இதுவே காரணம்: காலையில் காயப்போட்ட ஈரத் துண்டு மாலையில் காய்ந்த துண்டு.

அந்தக் காற்றேதான் கனலைச் சுடராக்குவதும். மெரினாவில் மக்காச்சோளம் சுடுபவர் கரி அடுப்பை விசிறுவதைப் பார்த்திருப்போம். விசிறி ஓயும்போது கரி சாம்பல் பூத்துக் கிடக்கும். நாலு வீசு வீசினால் செக்கச்செவேலென்று மாறும். இன்னும் வேகமாக வீசினால் மேலே நீலமாக ஒரு நாக்கு எழும். ஆக்ஸிஜன் கூடும்போது கங்கின் வெப்பம் ஏறுகிறது, பக்கத்துத் துணியிலிருந்து வரும் ஆவி அதிகமாகிறது, அந்த ஆவி தீப்பற்றும் அளவை எட்டியதும் சுடர் பிறக்கிறது. ஓடும் கப்பலின் பால்கனியில் அந்த விசிறி ஓய்வதே இல்லை.

சிகரெட்டைக் கடலில் எறிவதாக நினைத்து எறிபவர்கள் கவனிக்கத் தவறுவதும் இந்தக் காற்றைத்தான். கப்பலின் பக்கச் சுவர் சமதளம் அல்ல. நூற்றுக்கணக்கான பெட்டிகளை அடுக்கியதுபோலப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. சுவரை ஒட்டி ஓடும் காற்று ஒவ்வொரு பள்ளத்திலும் சுழன்று உள்ளே திரும்புகிறது. ஒரு கிராம்கூட எடையில்லாத சிகரெட் துண்டு அந்தச் சுழலில் மாட்டினால் கடலுக்குப் போகாது, பின்பக்கத்திலோ கீழேயோ இருக்கும் பால்கனிக்குள் போகும். எறிந்தவர் தூங்கப் போயிருப்பார். அந்தப் பால்கனிக்காரரும் தூங்கிக்கொண்டிருப்பார்.

சுடர் பிறந்தபின் அடுத்த கேள்வி, அது எதை உண்ணும் என்பது. ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனியில் நாற்காலி, மேசை பிளாஸ்டிக். தரையில் பதித்த ஓடுகள் பாலியூரித்தேன். பக்கத்துப் பால்கனியைப் பிரிக்கும் தடுப்பு பாலிகார்பனேட். இவை எல்லாமே உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, எடை குறைவு, கழுவ எளிது என்று தேர்ந்தெடுக்கப்படுபவை. ஆனால் பிளாஸ்டிக் நாற்காலிகள் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீனால் ஆனவை. அது ஒரு கிலோ எரிந்தால் 43 மெகாஜூலுக்குக் குறையாத வெப்பம் தரும். ஒரு கிலோ மண்ணெண்ணெய் தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். இரண்டரைக் கிலோ நாற்காலி இரண்டு போட்டால், ஐந்து கிலோ மண்ணெண்ணெயைத் திட வடிவில் பால்கனியில் வைத்திருக்கிறோம் என்று பொருள். போதாததற்கு அது உருகி, எரியும் சொட்டுகளாகக் கீழே வடியும். பாலிகார்பனேட் சிறு தீக்குச்சியில் எளிதில் பற்றாது. ஆனால் 150 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். தடுப்பு இளகி வளைந்தால் பக்கத்துப் பால்கனிக்கு வழி திறந்தாயிற்று. பெரிய தீயில் அதுவும் எரியும், கரும்புகை கக்கும். பாலியூரித்தேன் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்ஸைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். தீ தொடாத தளத்திலும் ஆளைச் சாய்ப்பது அந்தப் புகைதான்.

பால்கனியின் வடிவம் மிச்ச வேலையைச் செய்கிறது. மேல்தளத்தின் தரைதான் கீழ்ப் பால்கனியின் கூரை. சூடான வாயு கூரையில் தேங்கி, முன்பக்கம் வழியாகப் பிதுங்கி வெளியே வந்து, சுவரை ஒட்டியே மேலேறும். சுடருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள காற்றைச் சுடர் உறிஞ்சிக்கொள்வதால் அங்கே அழுத்தம் குறைந்து, சுடர் சுவர்ப்பக்கமே சாய்கிறது. மேலே காத்திருப்பதோ இன்னொரு பால்கனி, இன்னும் இரண்டு நாற்காலி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெளிச்சுவர் வழியே தீ மேலேறுவதும் இப்படித்தான். ஓஎம்ஆர் பக்கம் பால்கனியில் பழைய மெத்தையும் அட்டைப்பெட்டியும் அடுக்கி வைத்துத் தீபாவளி கொண்டாடும் வீடுகளுக்கு இதே இயற்பியல்தான்.

இத்தனைக்கும் கப்பலின் உட்பகுதி வெகு கவனமாகக் கட்டப்பட்டது. சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி, 36 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல் நெட்டுக்குத்தான தீத்தடுப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட வேண்டும். ஒரு மண்டலத்தின் நீளம் பொதுவாக 40 மீட்டருக்குள். சில இடங்களில் மட்டும் 48 மீட்டர் வரை போகலாம். நடுவே ஏ-60 தர எஃகுச் சுவர். ஒரு பக்கம் தீ எரிய, மறுபக்கத்தின் சராசரி வெப்பநிலை முதலில் இருந்ததைவிட 60 நிமிடத்துக்கு 140 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது என்பது அந்தத் தரத்தின் பொருள். ஆனால் இந்த மண்டலக் கோடுகள் பால்கனியில் வெறும் கோடாகவே இருந்தன. உள்ளே அறைக்கு அறை பூட்டுப் போட்டுவிட்டு, வெளியே ஏணியைச் சாத்தி வைத்த கதை. வெப்பத்தில் பால்கனிக் கண்ணாடிக் கதவுகள் வெடித்துத் தீ கேபினுக்குள் நுழைந்தது. அங்கே கூரையிலிருந்த நீர்த்தெளிப்பான்களும், தீப்பற்றாத அறைச் சுவர்களும் அதைப் பிடித்து நிறுத்தின. உள்ளே வகுத்த விதி உயிர்களைக் காத்தது. வெளியே விதி இல்லாத இடத்தில்தான் தீ ஓடியது.

2006 டிசம்பரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு சோலாஸைத் திருத்தியது. முதல் வேலையாகக் ‘கேபின் பால்கனி’ என்பதற்கு ஓர் இலக்கணம் எழுத வேண்டியிருந்தது: ஒரே கேபினில் தங்குபவர்கள் மட்டும் பயன்படுத்துகிற, அந்தக் கேபினிலிருந்து நேராகப் போகக்கூடிய திறந்த தளப் பகுதி. பெயர் வைத்தபிறகுதான் அதற்கு விதி வைக்க முடிந்தது. திருத்தம் 2008 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய கப்பல்களும் அதன் முக்கியப் பகுதிகளை நிறைவேற்ற வேண்டியிருந்தது.

பால்கனிகளைப் பிரிக்கும் தடுப்புகள் எரியாப் பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும். எரியாப் பொருள் என்றால், சுமார் 750 டிகிரிக்குச் சூடாக்கினாலும் எரியாத, எரியும் ஆவியையும் விடாத பொருள். அறைகலன்களில் இரண்டு வழி. ஒன்று, ‘குறைந்த தீ அபாயம்’ உள்ளவற்றை மட்டும் போடுவது: நாற்காலியின் சட்டம் உலோகம் போன்ற எரியாப் பொருளாக இருக்க வேண்டும், மேசை, அலமாரி போன்றவற்றின் மேல் ஒட்டும் மெல்லிய தகட்டின் எரிவெப்பம் சதுர மீட்டருக்கு 45 மெகாஜூலைத் தாண்டக் கூடாது. மற்றொன்று, சாதாரண நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பால்கனிதோறும் தீ உணர்வியும் நீர்த்தெளிப்பு அமைப்பும் வைப்பது. என் கருத்தில் முதல் வழியே மேல். எரிய ஒன்றுமில்லாத இடத்தில் எந்தக் கருவியும் பழுதாகாமல் இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கேபினுக்குள் இருக்கும் தெளிப்பானையே பால்கனியிலும் மாட்டிவிட்டால் போதாதா? அதன் முனையில் திரவம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். ஆரஞ்சு நிறக் குமிழ் 57 டிகிரியிலும் சிவப்புக் குமிழ் 68 டிகிரியிலும் உடைந்து தண்ணீரைத் திறக்கும். மூடிய அறையில் சூடு கூரையில் தேங்குவதால் குமிழ் விரைவில் உடையும். பால்கனியில் காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். தீ ஒரு மூலையில், சூடு இன்னொரு மூலையில். அதனால் அங்கே உணர்வியையும் முனைகளையும் காற்றைக் கணக்கில் வைத்துத் தனியாக வடிவமைத்துச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

தீயணைக்கும் குழுவுக்குப் பால்கனித் தீ தனிச் சங்கடம். தாழ்வாரத்திலிருந்து கேபின் கதவைத் திறந்தால், உடைந்த கண்ணாடி வழியே வரும் காற்று தீயை அவர்கள் முகத்துக்கே தள்ளும். அதனால் கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் (bridge) இருக்கும் கேப்டன் வேகத்தைக் குறைத்து, தீப்பிடித்த பக்கம் காற்று படாதபடி கப்பலைத் திருப்பப் பார்ப்பார். தண்ணீரிலும் கணக்கு உண்டு. நிமிடத்துக்கு 350 லிட்டர் பாய்ச்சும் ஒரு குழாய் ஒரு மணி நேரத்தில் 21 டன் தண்ணீரை மேல்தளங்களில் கொட்டிவிடும். வடிகால்கள் அடைத்துக்கொண்டால் அந்த எடை உயரத்திலேயே ஒரு பக்கமாக ஓடித் தேங்கி, கப்பல் சாயும்.

பயணி செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பால்கனியை விட்டு உள்ளே வரும்போது துண்டு, நீச்சலுடை, மெத்தை எதுவும் அங்கே கிடக்கக் கூடாது; துணியைக் குளியலறைக் கொடியில் போடலாம். பவர் பேங்கை வெயில்படும் நாற்காலியில் வைத்துச் சார்ஜ் போட வேண்டாம். லித்தியம் மின்கலம் சூடேறித் தானாக எரியத் தொடங்கினால் வெளிக்காற்று எதுவும் தேவைப்படாது. ஸ்பைக் பஸ்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நம் வீட்டில் ஒரு கம்பி லைன், மற்றொன்று நியூட்ரல். பல கப்பல்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படுவதில்லை, இரண்டு கம்பியிலுமே மின்னழுத்தம் இருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்ச் அங்கே முழுப் பாதுகாப்பு தராது. லைனுக்கும் எர்த்துக்கும் இடையில் இருக்கும் மின்னெழுச்சித் தடுப்பு உறுப்பும் அந்த அமைப்பில் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

பால்கனியில் தீயைப் பார்த்துவிட்டால், துண்டை உதறி அணைக்கப் போகாதீர்கள். உதறுவதும் விசிறுவதும் ஒன்றுதான். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்துங்கள். உடன் இருப்பவர்களை எழுப்பி, தாழ்வாரத்துக்கு வந்து, கேபின் கதவும் மூடியதா என்று பாருங்கள். அது தானாக மூடிக்கொள்ளும் கதவு, ஆனால் பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்காகச் செருப்பை முட்டுக்கொடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பால்கனிக் கதவும் கேபின் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் அறையே ஊதுகுழல் ஆகிவிடும். பிறகு அருகிலுள்ள எச்சரிக்கைப் பொத்தானை அழுத்துங்கள், வழியில் தென்படும் ஊழியரிடம் கேபின் எண்ணைச் சொல்லுங்கள். புகை சூழ்ந்தால் குனிந்து, தரையோரம் ஒளிரும் பட்டையைப் பிடித்துக்கொண்டே நகருங்கள். கூரை விளக்குகள் புகையில் மறைந்தாலும் தெரிவதற்காகத்தான் அதை அவ்வளவு தாழ்வாகப் பதித்திருக்கிறார்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் உங்கள் மஸ்டர் நிலையத்துக்கு, அதாவது அவசரத்தில் பயணிகள் கூட வேண்டிய இடத்துக்கு, போக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது கேபின் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். கப்பல் துறைமுகத்தை விட்டு நகரும் முன்பே ஒருமுறை அங்குவரை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், மின்தூக்கியில் அல்ல, படிக்கட்டில்.